கிங் வில்லியம் வட்டாரத்தில் பழைய வீடு: பழுதுபார்க்கும் முன் செய்ய வேண்டியவை

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் குடியிருந்த கிங் வில்லியம் வட்டாரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் வீட்டை வாங்குபவர், அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் பதித்திருக்கும் பலகையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது.

1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் பெயர் இருப்பது பெருமைதான். ஆனால் சொந்தப் பணத்தில் வீட்டை மாற்றுவதையோ இடிப்பதையோ அது தடுப்பதில்லை. மாநில அரசின் வரலாற்றுச் சின்னம் என்னும் பதக்கம் பெற்ற கட்டடமானால், வெளிப்புறத்தை மாற்றுவதற்கு 60 நாள் முன்னதாக டெக்சாஸ் வரலாற்று ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். உரிமையாளரை உண்மையில் கட்டுப்படுத்துவது, ‘வரலாற்று வட்டாரம்’ என்னும் மாநகராட்சியின் அறிவிப்பே. கிங் வில்லியம் 1968-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. டெக்சாசில் அதுவே முதல் வரலாற்று வட்டாரம். மாநகராட்சியின் இணைய வரைபடத்தில் முகவரியைத் தேடினால், நிலப் பயன்பாட்டுக் குறியீட்டுடன் வரலாற்று வட்டாரத்தைக் குறிக்கும் ‘எச்’ என்ற எழுத்தும் சேர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

சேர்ந்திருந்தால், கட்டட அனுமதிக்கு முன்பாக, செய்யவிருக்கும் மாற்றம் வட்டாரத்தின் வரலாற்றுத் தன்மைக்கு ஒத்துப்போகிறது என்னும் பொருத்தச் சான்றிதழ் ஒன்றைப் பெற வேண்டும். சிறிய வேலைகளுக்கு நகர வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலக ஊழியர்களே ஒப்புதல் தருவார்கள். கூடுதல் அறை, இடிப்பு போன்றவை மாநகராட்சியின் வரலாற்று, வடிவமைப்பு மறுஆய்வு ஆணையத்தின் கூட்டத்துக்குப் போகும். வரைபடம் முழுமை பெறும் வரை காத்திராமல், எண்ணம் உருவானவுடனே ஊழியர்களிடம் பேசிவிடுவது செலவைக் குறைக்கும்.

பெரும்பாலான சச்சரவு சன்னல்களில்தான் தொடங்குகிறது. திறக்க வராத மரச் சன்னலைக் கண்டதும் பிளாஸ்டிக் சன்னல் விற்பவரை அழைப்பது தவறு. பல அடுக்குப் பெயின்ட் அதைச் சட்டத்தோடு ஒட்டிவைத்திருக்கும். பட்டைக் கத்தியால் அந்த இணைப்பை மெல்லக் கீறினாலே பல சன்னல்கள் அசைந்துகொடுக்கும். மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் சன்னல் நிற்காமல் விழுந்தால், பக்கச் சட்டத்துக்குள் தொங்கும் இரும்பு எடையின் கயிறு அறுந்திருக்கலாம். அதை மாற்றுவது பெரிய செலவல்ல. 1978-க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சோதித்துப் பாராமல் சுரண்டக் கூடாது.

கல் இணைப்புகளிலும் இதே பொறுமை தேவை. உதிரும் சாந்தை ஆணியால் கீறிப் பாருங்கள். வெண்மையாகப் பொடிந்து விழுந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. அதன் மேல் போர்ட்லண்ட் சிமென்ட் பூசினால், இணைப்பு வழியே வெளியேற வேண்டிய ஈரம் வழியின்றிக் கல்லுக்குள் தங்கி, நாளடைவில் கல்லின் முகப்பே செதிலாக உரியும். உறுதி என்று சொல்லிச் சிமென்ட் பூச முன்வரும் கொத்தனாரை, அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், மறுத்துவிடலாம்.

மத்திய அரசின் 20 சதவீத வரிச் சலுகையைக் கணக்கில் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: வாடகை போன்ற வருமானம் தரும், சான்று பெற்ற வரலாற்றுக் கட்டடங்களுக்கே அது உரியது, உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்காது. தகுதியுள்ளவர்கள், பழைய நிலையைக் காட்டும் புகைப்படங்களை இணைத்து, வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.