ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்துச் செய்யும் தவறுகள்

இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, "ஏறவே இல்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். மாத்திரை மீது குற்றமில்லை. பார்த்த நாள்தான் தவறு. எலும்பு மஜ்ஜையில் மூல அணுவிலிருந்து ஒரு சிவப்பணு உருவாகி வர ஒரு வாரம் போல ஆகும். கடைசிக் கட்டத்தில் அது தன் உட்கருவை வெளியே தள்ளிவிட்டு, ரெட்டிகுலோசைட் என்ற இளம் அணுவாக ரத்தத்துக்குள் வருகிறது. அடுத்த ஓரிரு நாளில் முழுச் சிவப்பணு. அதன் ஆயுள் சுமார் 120 நாள். ஆக ஒரு நாளில் புதிதாக மாறுவது மொத்தச் சிவப்பணுக்களில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. பத்தாம் நாளில் மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையைப் பாருங்கள், அது கூடியிருக்கும். ஹீமோகுளோபினை நான்காவது வாரம் பார்த்தால் போதும். ஒன்று முதல் இரண்டு கிராம் ஏறியிருந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

12 கிராமைத் தொட்டதும் மாத்திரையை நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு. ரத்தம் நிறைந்திருக்கும், உடலின் இரும்புச் சேமிப்பு காலியாகவே இருக்கும். அதனால்தான் அளவு சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்கிறார்கள். வேகமாக ஏறட்டும் என்று ஒரே நாளில் இரண்டு, மூன்று போடுவதும் வீண். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, அடுத்த ஒரு நாளுக்குக் குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். மிஞ்சுவது வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலும்தான். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு உதவும். மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதிலும் பாதிதான். மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வேண்டும். அதில் பெரும்பங்கு, ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உடைத்துத் திருப்பித் தரும் இரும்பு. சாப்பாட்டிலிருந்து உறிஞ்சப்படுவது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. ஒரு மில்லி ரத்தம் வெளியே போனால் அரை மில்லிகிராம் இரும்பும் கூடவே போய்விடும். மூல நோயில் தினம் ஐந்து மில்லி கசிந்தாலே வரவைவிடச் செலவு கூடிவிடுகிறது. அதிக மாதவிடாய், கொக்கிப்புழு, குடல் கசிவு ஆகியவற்றைத் தேடாமல் மாத்திரை மட்டும் எழுதித் தருவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புக் குறைவு என்றால் குடலைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது.

எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவு அல்ல. ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்ற வரியைப் பாருங்கள். அது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. ஆனால் எம்.சி.வி. மிகக் குறைவாக இருந்தும் சிவப்பணு எண்ணிக்கை 50 லட்சத்துக்கு மேல் இருந்தால் தலசீமியா (ஹீமோகுளோபின் உருவாவதில் வரும் பரம்பரைக் குறை) மரபுக்கூறு இருக்கலாம். அதற்கு இரும்பு தந்து பயனில்லை. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை தேவை, முக்கியமாகத் திருமணத்துக்கோ கருத்தரிப்புக்கோ முன்பு. எம்.சி.வி. 100க்கு மேல் என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே ஒரு ஆபத்து: பி12 குறைவுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

வெள்ளணுக்களில் சதவீதத்தை மட்டும் படித்துப் பதறுகிறார்கள். மொத்தம் 4,000 இருக்கையில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகை 8 சதவீதம் என்றால் 320தான், சாதாரணம். மொத்தம் 11,000 இருக்கையில் அதே 8 சதவீதம் 880. 500ஐத் தாண்டியதால் புழு, ஒவ்வாமை, ஆஸ்துமா என்று காரணம் தேட வேண்டும்.

தட்டணுக்கள் (பிளேட்லெட்) விஷயத்தில்தான் தவறுகள் மலிந்து கிடக்கின்றன. இவை முழு அணுக்களே அல்ல; மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்ற ராட்சத அணுவிலிருந்து உதிரும் துண்டுகள். ஆயுள் 7 முதல் 10 நாள். காய்ச்சல் எதுவுமில்லாத ஆளுக்குத் திடீரென்று 40,000 என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைத்தான். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்பாவிட்டால் நுண்கட்டிகள் உருவாகி எண்ணிக்கை குறைந்து காட்டும். சிலருக்கு அந்தக் குழாயிலுள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. மருந்தே தட்டணுக்களை ஒட்டவைத்துவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு பார்த்தால் கொத்துக்கொத்தாகத் தெரியும். நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

டெங்குவில் எல்லோர் கண்ணும் தட்டணு மீதே இருக்கும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிவது. அதைக் காட்டும் எண் ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. வழக்கமான அளவைவிட 20 சதவீதம் ஏறினால் நீர் ரத்தக்குழாயை விட்டு வெளியேறுகிறது என்று பொருள். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான் இது நடக்கும். "காய்ச்சல் விட்டது" என்று வீட்டுக்குக் கிளம்புவது அந்த நேரத்தில்தான். பப்பாளி இலைச் சாறு குடித்து மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏறினால், அந்தக் கட்டத்தில் மஜ்ஜை தானாகவே மீண்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரத்தக்கசிவு இல்லாத பெரியவருக்கு 10,000க்குக் கீழே போகும்வரை பொதுவாகத் தட்டணு ஏற்றுவதில்லை. ஏற்ற நேர்ந்தால், ரத்த வங்கியிலிருந்து பையை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். சிவப்பணுப் பைக்குத்தான் 2 முதல் 6 டிகிரி. தட்டணுப் பை 20 முதல் 24 டிகிரியில், மெல்ல ஆட்டிக்கொண்டே ஐந்து நாள் வரை வைக்கப்படுவது. குளிர்ந்தால் உருவம் மாறிவிடும், ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே கல்லீரல் அவற்றை அகற்றிவிடும்.