மாயாஜாலப் படச் சுவரொட்டியையும் இதழ் அட்டையையும் ஆராயும் முறை

படத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது சிங்கப்பூர் மாணவர்களுக்குப் புதிய பயிற்சி அன்று. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலும் சாதாரண நிலைத் தேர்விலும் ஆங்கிலத் தாளில் சுவரொட்டி, விளம்பரம் போன்ற ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதி உண்டு. அப்பயிற்சி பெரும்பாலும் ‘இது யாருக்காக, எதற்காக’ என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. மாயாஜாலத் திரைப்படத்தின் சுவரொட்டியை அந்த இரண்டு கேள்விகளால் மட்டும் அணுகினால், பார்வையாளரைத் திரையரங்குக்கு அழைப்பது அதன் நோக்கம் என்ற விடை கிடைக்கும்; அந்த விடை எல்லாச் சுவரொட்டிகளுக்கும் பொருந்தும் என்பதால் எதையும் விளக்காது. எங்குமே இல்லாத ஓர் உலகத்தை, அதில் எது நடக்கும், எது நடக்காது என்ற விதிகளோடு, நடந்துபோகிறவர் தலையைத் திருப்பும் நேரத்துக்குள் நம்பவைக்க வேண்டிய பொறுப்பு அந்தத் தாளுக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கை எப்படிக் கட்டப்படுகிறது என்று பிரித்துப் பார்ப்பதே இங்கே நாம் செய்யப்போகும் ஆராய்ச்சி. ஊடகக் கல்வி பயிலும் மாணவர்களையும், அவர்களோடு உட்கார்ந்து தமிழில் பேச விரும்பும் பெற்றோரையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சுவரொட்டியையும் ஓர் இதழ் அட்டையையும் தேர்ந்தெடுங்கள். சுவரொட்டியைக் கைப்பேசியில் மட்டும் பார்த்துவிட்டு எழுதத் தொடங்காதீர்கள். திரையரங்கின் முகப்பிலோ பேருந்து நிறுத்தத்திலோ அதன் உண்மையான அளவில் ஒருமுறை நின்று பாருங்கள். பத்தடி தொலைவில் தெரிவது எது, அருகில் சென்றால் மட்டுமே தெரிவது எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தங்களில் பின்னாலிருந்து விளக்கு எரியும் ஒளிப்பெட்டிக்குள் வைக்கப்படும் சுவரொட்டியில், வெளிர்நிறப் பகுதிகள் தாமே ஒளிர்வதுபோல் தோன்றும். இரவில் அதைப் பார்ப்பவருக்கும் பகலில் காகிதத்தில் பார்ப்பவருக்கும் கிடைப்பது ஒரே படம் என்று சொல்ல முடியாது.

பார்க்கும்போது எழுத்துகளைப் படிப்பதற்கு முன் கண் எங்கே போயிற்று, அடுத்து எங்கே நகர்ந்தது, மூன்றாவதாக எங்கே தங்கியது என்று வரிசையாக எழுதிவையுங்கள். இந்த வரிசை முதல் பார்வையில்தான் கிடைக்கும். பத்து நிமிடம் பார்த்தபின் எல்லாமே சமமாகத் தெரியத் தொடங்கிவிடும். பிறகு அந்தப் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நிறமும் நுணுக்கமும் போனபின் எஞ்சி நிற்கும் இருண்ட, வெளிறிய வடிவங்களே அமைப்பின் எலும்புக்கூடு. நல்ல சுவரொட்டிகள் பெரும்பாலும் இந்த நிலையிலும் அடையாளம் தெரியும்.

இனி, எல்லாக் கேள்விகளிலும் முதன்மையானது என்று நான் கருதும் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படத்தில் மாயம் கலக்காமல், இயல்பாகவே விடப்பட்டிருக்கும் பொருள் எது? மாயாஜாலப் படம் என்றவுடன் மாணவர்கள் பறக்கும் விலங்கையும் ஒளிரும் வாளையும் பட்டியலிடத் தொடங்குகிறார்கள். நம் நம்பிக்கையைத் தாங்கிப் பிடிப்பது அவை அல்ல. நாம் அறிந்த உடல், நாம் அறிந்த எடை, நாம் அறிந்த அச்சம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றை வடிவமைப்பாளர் மாற்றாமல் வைத்திருப்பார். மற்ற அனைத்தும் அதன்மீது சாய்ந்துகொண்டுதான் நிற்கும்.

2015ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாகுபலி’யின் சுவரொட்டிகளுள் ஒன்றை நினைவுகூருங்கள். நீருக்கு மேலே ஒரு கை உயர்ந்திருக்கிறது. அந்தக் கை ஒரு பச்சிளங்குழந்தையை ஏந்தியிருக்கிறது. அரண்மனையும் படையும் நிறைந்த பிரமாண்டப் படம் என்று அறியப்பட்ட ஒன்றுக்கு, போர்க்களம் இல்லாத, நாயகனின் முகம்கூட இல்லாத காட்சி முன்வைக்கப்பட்டது. கையின் அளவும் குழந்தையின் அளவும் நாம் வீட்டில் காணும் அளவுகளே. தண்ணீர் ஆபத்தானது என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. கைக்குச் சொந்தக்காரர் யார், நீருக்குள் அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பவை மறைக்கப்பட்டிருப்பதால், படத்தின் முக்கியமான உடல் படத்துக்கு வெளியே இருக்கிறது. பார்வையாளர் அதைத் தம் மனத்தில் வரைந்துகொள்கிறார்; வரைந்துகொண்டவுடன் கதைக்குள் வந்துவிடுகிறார்.

நம்மில் பலருடைய பெற்றோர் படித்து வளர்ந்த ‘அம்புலிமாமா’விலும் இதே உத்தியைக் காணலாம். விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளுக்காக ஓவியர் சங்கர் வரைந்த படத்தில் அரசன் கையில் வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறான். பிணத்துக்குள் வேதாளம் புகுந்து கதை சொல்வது மாயம். ஆனால் தோளில் பாரம் சுமந்து நடக்கும் ஆணின் உருவம் எல்லோரும் கண்டது. அந்தத் தோளின் மீதுதான் மாயம் உட்கார்ந்திருக்கிறது. வேதாளம் காற்றில் மிதந்தபடி அரசனோடு பேசுவதாக வரைந்திருந்தால் படம் இத்தனை தலைமுறைகளுக்கு நினைவில் நின்றிருக்காது என்பது என் துணிபு.

இயல்பான பொருளைக் கண்டுபிடித்தபின் அளவுகளையும் இடங்களையும் பாருங்கள். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு டாம் ஜங் வரைந்த சுவரொட்டி இதற்கு நல்ல பாடம். நாயகன் ஒளிவாளைத் தலைக்கு மேலே உயர்த்தி நிற்கிறான். இளவரசி அவனுக்குக் கீழே ஒரு பக்கமாக நிற்கிறாள். இருவருக்கும் பின்னால், வானத்தையே அடைத்துக்கொண்டு, எதிரியின் தலைக்கவசம் தெரிகிறது. வாளின் ஒளி சிலுவை வடிவில் பிரிந்து அந்தக் கவசத்தைக் குறுக்கே வெட்டுகிறது. பின்னால் இருப்பது சிறியதாகத் தெரிய வேண்டும் என்ற இயற்கையின் விதி இங்கே மீறப்பட்டிருக்கிறது. உருவத்தின் பருமன் தொலைவைக் காட்டாமல் அதிகாரத்தைக் காட்டுகிறது. தமிழ் வாசகருக்கு இது பழகிய மொழிதான்: தஞ்சாவூர் ஓவியத்தில் தெய்வம் பெரிதாகவும் சூழ நிற்பவர்கள் சிறிதாகவும் இருப்பதை நாம் தவறு என்று எண்ணுவதில்லை. எனவே ‘வில்லன் பெரிதாக இருக்கிறான்’ என்று எழுதி நிறுத்தாமல், எந்த விதியை மீறிப் பெரிதாக்கப்பட்டான், அவனுடைய பருமனுக்கு எதிராக எந்தக் கோடு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று தொடர்ந்து எழுதுங்கள்.

ஒளியைத் தனியாக ஆராய வேண்டும், ஏனெனில் இவ்வகைப் படங்களில் அது பெரும்பாலும் சூரியனிடமிருந்து வருவதில்லை. முகத்தின் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கோடு இழுத்து, ஒளியின் ஊற்றைக் கண்டுபிடியுங்கள். அது வாளிலோ மணியிலோ உள்ளங்கையிலோ முடிந்தால், அந்தப் பொருள்தான் அந்த உலகத்தில் ஆற்றலின் இருப்பிடம். இரண்டு முகங்களில் ஒளி இரண்டு வெவ்வேறு திசைகளிலிருந்து விழுந்தால், தனித்தனியே எடுத்த படங்கள் கவனமின்றி ஒட்டப்பட்டிருக்கலாம். அல்லது இருவரும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவர்கள் என்று வேண்டுமென்றே காட்டப்பட்டிருக்கலாம். எது என்று தீர்மானிக்க மற்றச் சான்றுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும். சிவப்பு ஆபத்து, நீலம் அமைதி என்று மனப்பாடமாக எழுதாதீர்கள். ஒரு நிறத்தின் பொருள் அதன் அருகில் இருக்கும் நிறத்தால்தான் தீர்மானிக்கப்படுகிறது. மனிதத் தோலின் நிறம் செம்மஞ்சள் சார்ந்தது என்பதால், பின்னணியை நீலப்பச்சையாக்கினால் முகம் தானாக முன்னே வருகிறது. அதனால்தான் அத்தனை சுவரொட்டிகள் அந்த இரு நிறங்களில் இருக்கின்றன. அவ்விணையைக் கண்டால் வழக்கத்தின் விளைவு என்று கொள்ளுங்கள். அதிலிருந்து விலகியிருந்தால் அங்கே நிதானமாக நில்லுங்கள்.

படத்தின் பெயர் எழுதப்பட்ட விதத்துக்குத் தமிழ்ச் சுவரொட்டிகளில் கூடுதல் கவனம் தேவை. தமிழ் எழுத்தின் துணைக்காலை வாளாகக் கீழே நீட்டலாம். கொம்பைப் பாம்பாகச் சுருட்டலாம். மெய்யெழுத்தின் புள்ளியை நிலவாகவோ இரத்தினமாகவோ மாற்றலாம். எழுத்தின் எந்த உறுப்பு மாற்றப்பட்டது, மாற்றியபின்னும் பெயர் தடையின்றிப் படிக்க முடிகிறதா என்ற இரண்டையும் பாருங்கள். சிங்கப்பூரில் அதே படத்தின் விளம்பரம் ஆங்கில எழுத்தில் பெயரைத் தாங்கி வந்தால், அந்த வாளும் நிலவும் எங்கே போயின என்று ஒப்பிடுங்கள். இரண்டு பக்கம் எழுதுவதற்கு அந்த ஒப்பீடு ஒன்றே போதுமான பொருளைத் தரும். தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வழங்கும் பிஜி13, என்சி16 போன்ற வயது வகைப்பாட்டின் குறியீட்டையும் விட்டுவிடாதீர்கள். ஓவியத்தின் இருள் எந்த வயதினரை நோக்கியது என்ற உங்கள் ஊகத்தை அதனோடு ஒத்துப்பார்க்கலாம்.

இதழ் அட்டைக்குச் செல்லும்போது அளவுகோலை மாற்ற வேண்டும். சுவரொட்டி ஒரு படத்துக்காக ஒருமுறை பிறக்கிறது. அட்டையோ ஒவ்வோர் இதழிலும் புதிதாகவும் தெரிய வேண்டும், பழைய நண்பராகவும் தெரிய வேண்டும். மேலே இருக்கும் இதழின் பெயர் அதன் நிலையான முகம். அட்டையில் இருப்பவரின் தலை அந்தப் பெயரின் சில எழுத்துகளை மறைத்தால், பாதி தெரிந்தாலும் வாசகர் அடையாளம் காண்பார் என்ற தன்னம்பிக்கை இதழுக்கு இருக்கிறது என்று பொருள். உருவத்தின் இரு பக்கங்களிலும் தலைப்பு வரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால், சுவரொட்டியில் விரிந்து கிடக்கும் மாய உலகம் அட்டையில் பெரும்பாலும் ஒரே முகமாகச் சுருங்குகிறது. அந்த முகம் நம்மை நேராகப் பார்க்கிறதா, வேறெங்கோ பார்க்கிறதா என்பது முதலில் குறிக்க வேண்டியது. கையெட்டும் தூரத்தில் அலமாரியில் இருக்கும் பொருளுக்கு, கண்ணோடு கண் பார்ப்பது வலுவான அழைப்பு.

வரையப் பயன்படுத்திய வண்ணப்பொருளும் அட்டையின் இயல்பைத் தீர்மானிக்கும். 1923இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற மாய, திகில் கதை இதழுக்கு 1930களில் பல அட்டைகளை வரைந்த மார்கரெட் பிரண்டேஜ், பேஸ்டல் வண்ணக்கோல்களால் வரைந்தார். அந்தத் தூள் வண்ணத்தின் மென்மைதான் அவருடைய உருவங்களுக்குக் கனவின் தன்மையைக் கொடுத்தது. தொட்டால் கலைந்துவிடும் அந்த ஓவியங்களைச் சிகாகோவில் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். 1938இல் இதழ் நியூயார்க்கிற்கு இடம்பெயர்ந்தபோது அனுப்பிவைப்பதே சிக்கலாயிற்று, அவருடைய அட்டைகளும் குறைந்தன. அந்த அட்டைகளில் ஆபத்தில் சிக்கிய, ஆடை குறைந்த பெண்ணுருவங்கள் அடிக்கடி வருகின்றன. வரைந்தவர் பெண் என்பதால் அதைப் பேசாமல் கடந்துவிடக் கூடாது. ஆயுதம் யார் கையில் இருக்கிறது, யார் யாரைப் பார்க்கிறார், யாருடைய உடல் பார்ப்பதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் எந்தக் காலத்து அட்டைக்கும், இன்றைய சுவரொட்டிக்கும், தயங்காமல் கேளுங்கள்.

தமிழில் ஒப்பிட்டு எழுத விரும்புவோருக்கு ஒரு நல்ல களம் இருக்கிறது. 1947 ஜூலையில் ‘அம்புலிமாமா’வைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான், தங்கள் விஜயா நிறுவனத்தின் மூலம் 1951இல் ‘பாதாள பைரவி’யையும் 1957இல் ‘மாயாபஜார்’ படத்தையும் தயாரித்தவர்கள். ஒரே வீட்டிலிருந்து சிறுவர் இதழும் மாயாஜாலப் படமும் வந்த காலம் அது. இதழின் ஓவியங்களையும் அந்தப் படங்களின் விளம்பரங்களையும் அருகருகே வைத்து, அரக்கனின் உருவமும் அரண்மனையின் தூணும் எவ்வாறு ஒத்திருக்கின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்கலாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் மின்வடிவில் உள்ளன. அவற்றில் வந்த திரைப்பட விளம்பரங்கள், நிறமே இல்லாமல் மாயத்தை எப்படி உணர்த்தினார்கள் என்பதைக் கற்க ஏற்றவை.

எழுதும்போது ஒவ்வொரு கருத்திலும் மூன்று நிலைகள் இருக்கட்டும்: என்ன இருக்கிறது, அது கண்ணை என்ன செய்கிறது, அதனால் அந்த உலகத்தைப் பற்றி நாம் எதை நம்புகிறோம். ‘கை நீருக்கு மேல் நேராக நிற்பதால் பார்வை கீழிருந்து மேலே ஏறிக் குழந்தையில் முடிகிறது, ஏந்தியவரின் முகம் மறைந்திருப்பதால் தியாகம் சொல்லப்படாமலே உணரப்படுகிறது, ஆகவே இந்த உலகில் ஓர் உயிரைவிட ஒரு வாரிசு பெரிது என்று படம் தொடங்கும் முன்பே ஏற்றுக்கொள்கிறோம்’ என்பது போன்ற வாக்கியத்தில் மூன்றும் இருக்கின்றன. ‘வண்ணங்கள் அழகாக உள்ளன’ என்பதில் முதல் நிலைகூட முழுமையாக இல்லை.

எழுதி முடித்தபின் உங்கள் கருத்துகளைச் சோதிக்க எளிய வழி உண்டு. நீங்கள் முக்கியம் என்று சொன்ன ஒவ்வொன்றையும் படத்தில் விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்தபின்னும் விளைவு அப்படியே இருந்தால், அந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லை என்று கொண்டு வாக்கியத்தை அடித்துவிட்டு, விளைவு எங்கிருந்து வருகிறது என்று மீண்டும் தேடுங்கள்.