ஸ்லைடு ஸ்கேன் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பிளாட்பெட் (தட்டையான கண்ணாடிமேல் வைத்து எடுக்கும்) ஸ்கேனரில் ஸ்லைடு, அதாவது சட்டத்தில் பொருத்திய பாசிட்டிவ் ஃபிலிம் படம், கறுப்பாகவே விழுகிறதா? மூடியின் உட்புறமுள்ள வெள்ளைப் பலகையைக் கழற்றிவிட்டு, மென்பொருளில் 'ஃபிலிம், பாசிட்டிவ்' என்று தேர்ந்தெடுங்கள். ஸ்லைடுக்கு ஒளி மேலிருந்து ஊடுருவி வர வேண்டும். மூடியில் விளக்கு இல்லாத சாதாரண ஸ்கேனரில் இது நடக்காது.

ஸ்கேனுக்கு முன் காற்றடிக்கும் ரப்பர் பல்பால் இருபுறமும் தூசியை ஊதி அகற்றுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி பட்டால் கறை நிற்கும். 35 மி.மீ. ஸ்லைடுக்கு 3200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) போதும். சுமார் 4500 x 3000 பிக்சல் கிடைக்கும். தாளில் அச்சான படங்களுக்கு வைக்கும் 300 டிபிஐயை இங்கே வைத்தால் ஏறக்குறைய 425 x 280 பிக்சல்தான் வரும், எதற்கும் உதவாது.

48 பிட் வண்ணத்தில் (ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 16 பிட்) தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, பிறகு போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ திறப்பதே நல்லது. ஜேபெக்கில் சேமித்தால் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும்போது பட்டை பட்டையாகத் தெரியும். லெவல்ஸ் (இருட்டு, வெளிச்ச அளவுகள்) சரிசெய்த பிறகே கூர்மையைக் கூட்டுங்கள்.

ஸ்கேனரில் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டறிந்து நீக்கும் வசதி இருந்தால், கோடாக்ரோம் (கோடாக் நிறுவனத்தின் ஒரு வகை வண்ண ஃபிலிம்) ஸ்லைடுகளுக்கு அதை அணைத்துவிடுங்கள். அந்த ஃபிலிம் அகச்சிவப்பை ஓரளவு தடுப்பதால், படத்தின் நுணுக்கங்களையே தூசி என்று எண்ணி ஸ்கேனர் அழித்துவிடும். வெள்ளித் துகளால் ஆன கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் இதே சிக்கல் உண்டு.

எழுத்துகள் இடவலமாகத் திரும்பி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தால் ஸ்லைடைப் புரட்டி வையுங்கள்.