இரண்டு பழைய லேப்டாப், இரண்டு நாடு: குடும்பப் படங்களுக்கு நாமே கட்டும் கிடங்கு

அப்பா எடுக்கும் படங்கள் அவர் போனில். நான் எடுப்பவை என் போனில். தம்பி மூன்றாவது ஒரு நாட்டில் இருக்கிறான், அவன் படங்கள் அவனுக்கே எங்கே என்று தெரியாது. எங்கள் மூவருக்கும் நடுவில் வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் வந்து விழும் படம்தான் கடைசியில் எல்லோரிடமும் மிஞ்சுகிறது. அதுவோ அளவைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களை உரித்துவிட்டு வந்த படம். பெரிதாக அச்சிடக் கொடுத்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

கிளவுடில் காசு கட்டி வைத்துக்கொள்ளலாமே என்பது நியாயமான கேள்வி. வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நாடு மாறி வாழ்பவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. கணக்கு பழைய சிம்மோடு கட்டப்பட்டிருக்கும், ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும், அந்த எண் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்திருக்கும். அதனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிரதி, கடல் தாண்டி இன்னொரு பிரதி என்பதுதான் என் கட்சி. ஒதுக்கிப் போட்ட இரண்டு லேப்டாப் இருந்தால் இதைச் செய்துவிடலாம். ஒன்று நீங்கள் இருக்கும் வீட்டில், இன்னொன்று பெற்றோர் வீட்டில்.

லேப்டாப்புக்கு இப்போது பஞ்சமே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழசு என்று விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத லேப்டாப்கள் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. 64 பிட் பிராசஸரும் 4 ஜிபி ரேமும் இருந்தால் நம் வேலைக்கு தாராளம். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியை வைத்தும் செய்யலாம்தான். ஆனால் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, அதுவே யுபிஎஸ். திரையை அணைத்துவிட்டு சும்மா ஓடும் பழைய லேப்டாப் பெரும்பாலும் 10 முதல் 15 வாட் இழுக்கும். 10 வாட் என்றால் மாதம் முழுக்க ஓடினாலும் 7.2 யூனிட்தான்.

இரண்டு விஷயங்களை முதலில் பார்த்துவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு இருக்கிறதா, அடிமூடி உப்பியிருக்கிறதா? இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, அதை மாற்றாமல் அந்த இயந்திரத்தைத் தொடாதீர்கள். ஆளில்லாத நேரத்திலும் சார்ஜில் கிடக்கப்போகும் பொருள் இது, இதில் சமாதானமே கிடையாது. நல்ல பேட்டரியாக இருந்தாலும், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பயோஸில் (இயங்குதளம் எழும் முன்பே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) இருக்கிறதா என்று பார்த்து அதைப் போட்டுவிடுங்கள். அடுத்து ஹார்ட் டிஸ்க். ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நலக் குறிப்பைக் காட்டும். அதில் 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் இருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

நாடு விட்டு நாடு கொண்டு போகும் சார்ஜரைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அடாப்டரின் முதுகைப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் எங்கும் ஓடும். பிளக்கின் முனையை மாற்றும் சின்னத் துண்டு மட்டும் போதும்.

இயங்குதளத்துக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பழைய இயந்திரத்தில் இலகுவாக ஓடும், விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. பதிப்பு 22-க்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. அதன் நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் எழுத ரூஃபஸ் அல்லது எட்சர், எந்த மென்பொருள் வேண்டுமானாலும் சரி. நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் வைஃபை வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நிறுவும்போது இரண்டு இடங்களில் மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்கள்: டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வதா (பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவதா), பாஸ்வேர்ட் கேட்காமல் தானாக உள்ளே போவதா?

உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு என்கிரிப்ஷன் போடுங்கள். பெற்றோர் வீட்டு லேப்டாப்புக்கு வேண்டாம். அங்கே ஒரு முறை அணைந்து மீண்டும் எழுந்தால், அந்த நீளமான பாஸ்வேர்டை யாராவது உட்கார்ந்து தட்டினால்தான் உள்ளேயே போகும். யார் தட்டுவது? அங்கே தானாக உள்நுழைவதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஈடாக, பாஸ்போர்ட் நகல் போன்றவற்றை அந்த இயந்திரத்தில் வெறுமனே வைக்காதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அப்புறம் மின்சார அமைப்புகள். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். பவர் மேனேஜரில் இரண்டு பக்கங்கள் உண்டு: சார்ஜரில் ஓடும்போது, பேட்டரியில் ஓடும்போது. பெரும்பாலும் முதல் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடுவோம். அங்கே கரண்ட் போகும். லேப்டாப் பேட்டரிக்கு மாறும். சிறிது நேரத்தில் அது சமர்த்தாகத் தூங்கிவிடும். கரண்ட் வந்த பிறகும் எழாது. இரண்டு பக்கங்களிலும் தூக்கத்தை முழுவதும் நிறுத்துங்கள். மூடியை மூடினால் சஸ்பென்ட் ஆகக் கூடாது, திரை மட்டும் அணைய வேண்டும். பயோஸில் 'சார்ஜர் வந்தால் தானாக இயங்கு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருந்தால் அதையும் போடுங்கள். எல்லா லேப்டாப்பிலும் அது இருக்காது. இருக்கும் ஒன்றைப் பெற்றோர் வீட்டுக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

இனி முக்கியமான ஆள்: சிங்க்திங். வெவ்வேறு இயந்திரங்களில் உள்ள ஃபோல்டர்களை ஒன்றுபோல் வைத்திருக்கும், அதாவது ஒத்திசைக்கும் மென்பொருள். இலவசம், நடுவில் யாருடைய சர்வரிலும் கோப்பு தங்காது, இரண்டு இயந்திரங்களுக்கு இடையே நேராகப் பேசும். நேராகப் பேச முடியாவிட்டால் ரிலே என்ற இடைநிலை சர்வர் வழியாகப் போகும். அப்போதும் உள்ளடக்கம் பூட்டப்பட்டேதான் போகும், வேகம் மட்டும் குறையும். மின்ட்டின் மென்பொருள் மேலாளரிலேயே கிடைக்கும். நிறுவிவிட்டு, தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 56 எழுத்தில் ஓர் அடையாளம் தரும். அதைப் போனில் வாய்விட்டுப் படித்துக் காட்டாதீர்கள், மெசேஜில் அனுப்புங்கள். இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் இணைப்பு நடக்கும் என்பதால் அடுத்தவர் பார்த்தாலும் பயமில்லை.

ஆண்ட்ராய்டில் மூலக் குழுவினரின் செயலி 2024 டிசம்பரோடு நின்றுபோனது, அதன் கிளையான சிங்க்திங்-ஃபோர்க்கைத் தேடுங்கள். ஐபோனுக்கு மோபியஸ் சிங்க் உண்டு, ஆனால் பின்னணியில் விடாமல் ஓட ஐபோன் அனுமதிக்காது. அவ்வப்போது திறந்துவிட வேண்டியிருக்கும்.

ஃபோல்டர்களைப் பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் ஏற்பாடு இது. 'வரவு' என்று ஒன்று: போனின் கேமரா ஃபோல்டரும் பக்கத்து லேப்டாப்பும் இருவழியாக இணைந்திருக்கும். நேரம் கிடைக்கும்போது லேப்டாப்பில் உட்கார்ந்து, நல்ல படங்களை 'வரவு'க்கு வெளியே உள்ள 'ஆல்பம்' ஃபோல்டருக்கு நகர்த்துவேன். நகர்த்தியதும் அவை போனிலிருந்தும் போய்விடும், போனில் இடம் காலியாகும். மங்கல் படங்களையும், ஒரே காட்சியைப் பத்துத் தரம் எடுத்ததையும் அங்கேயே அழித்துவிடலாம். 'ஆல்பம்' மட்டுமே நாடு தாண்டும்.

அந்த ஆல்பத்துக்கு ஒரே உரிமையாளர் இருக்கட்டும். என் ஆல்பம் என்னிடம் 'சென்ட் ஒன்லி', அப்பா வீட்டில் 'ரிசீவ் ஒன்லி'. அப்பாவின் ஆல்பம் அதற்கு நேர் எதிர். இருவரும் ஒரே ஃபோல்டரில் கை வைத்தால் முரண்பட்ட பிரதிகள் குவியும், அப்புறம் எது சரி என்ற பஞ்சாயத்து தொலைபேசியில் நடக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒத்திசைவு என்பது பேக்கப் அல்ல. நான் இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் பெறும் பக்கத்தில் 'ஸ்டேகர்ட் ஃபைல் வெர்ஷனிங்' என்பதைப் போட்டே ஆக வேண்டும். வெளியிலிருந்து வரும் அழிப்பையும் மாற்றத்தையும் அது உடனே ஏற்றாலும், பழைய பிரதியை ஒரு மறைவான ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும். இயல்பாக ஓராண்டு காலம் வைத்திருக்கும். இது தவிர, எப்போதும் செருகி வைக்காத ஒரு வெளி டிஸ்க்கில் அவ்வப்போது ஆல்பத்தை நகலெடுங்கள்.

பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், சான்றிதழ் இவற்றுக்குத் தனி ஃபோல்டர். சிங்க்திங்கில் அதைப் பெற்றோர் வீட்டு இயந்திரத்தோடு பகிரும்போது என்கிரிப்ஷன் பாஸ்வேர்ட் ஒன்றைக் கொடுக்கலாம். அங்கே அது பூட்டிய பொட்டலமாகவே கிடக்கும். அந்த பாஸ்வேர்டை இந்த இரண்டு லேப்டாப்களுக்கும் வெளியே எழுதி வையுங்கள்.

முதல் சுமையை இணையம் வழியாக அனுப்ப வேண்டாம். வினாடிக்கு 10 மெகாபிட் அப்லோடில் 200 ஜிபி ஏற்ற, கணக்குப்படியே 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒரு நொடி அறுபடாமல் இருந்தால். ஊருக்குப் போகும்போது டிஸ்க்கில் எடுத்துப் போய் அங்கேயே நகலெடுத்துவிட்டு, பிறகு இரு பக்கமும் இணையுங்கள். சிங்க்திங் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். பூட்டி அனுப்பும் ஃபோல்டருக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, அதை இணையத்தில்தான் விட வேண்டும். எடுத்துப் போகும் டிஸ்க் எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்காது, எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் செய்தே ஆக வேண்டியது: தொலைவிலிருந்து அந்த லேப்டாப்புக்குள் நுழைய ஒரு வாசல். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடும் பழைய வித்தையைச் செய்யாதீர்கள். பல இணைப்புகளில் அது நடக்கவும் நடக்காது. ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பலரோடு ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள், வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. உங்கள் இயந்திரங்களை மட்டும் ஒரு தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற சேவை இந்தத் தடையைத் தாண்டும். வயர்கார்ட் என்ற விபிஎன் முறையை அடித்தளமாகக் கொண்டது, தனிநபருக்கு இலவசத் திட்டம் உண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது: இயந்திரத்தின் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு திடீரென்று காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். நிர்வாகப் பக்கத்தில் அந்த இயந்திரத்துக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவிடுங்கள். திரையைப் பார்த்து வேலை செய்ய ரஸ்ட்டெஸ்க் போதும், நிரந்தர பாஸ்வேர்ட் வைத்தால் அந்தப் பக்கம் யாரும் 'அனுமதி' அழுத்த வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தாலும் ஒருநாள் இப்படி ஓர் அழைப்பு வரும்.

"அப்பா, லேப்டாப் ஓரத்துல சின்ன லைட் எரியுதா?"

"எரியுது. ஆனா விட்டு விட்டு எரியுது."

"அப்போ அது தூங்குது. பவர் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கி விடுங்க. பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம்."

கடைசி வரி முக்கியம். அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு லேப்டாப்பின் மூடி மேல் ஒட்டிவிட்டேன்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்று எழுதினாலே, இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து 5 குறி, 15 பைட். 85 குறிகளுக்குள் பெயரை முடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று விசித்திரமானது. 'கொ', 'கோ' போன்றவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். மேக்கிலிருந்து வந்த பழைய டிஸ்க்குகளில் பிரித்து எழுதிய வடிவம் இருப்பது சகஜம். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் தெரிந்தால் பேய் இல்லை, இதுதான். சிங்க்திங் இயல்பாக இதைச் சீராக்கிவிடும். நீங்களே கையால் நகலெடுக்கும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

தேதிக் குழப்பமும் வெளிநாட்டு வாழ்க்கையின் கொடை. படத்துக்குள் பதியும் எக்சிஃப் விவரத்தில் உள்ளூர்க் கடிகார நேரம் மட்டுமே வெகுகாலம் இருந்தது, எந்த நேர மண்டலம் என்று குறிக்கும் இடம் 2016-இல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய கேமரா படங்களையும் போன் படங்களையும் கலந்தால், விமானம் ஏறும் முன்பே இறங்கிவிட்டதாக வரிசை வரும். எக்சிஃப்டூல் என்ற கருவியால் ஒரு ஃபோல்டர் முழுவதையும் இத்தனை மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளலாம். வாட்ஸ்அப் படங்களில் உள்விவரம் இல்லாவிட்டாலும், ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் இருக்கும். அதை எடுத்து உள்ளே எழுதவும் அதே கருவி உதவும். ஆனால் அது பெரும்பாலும் படம் வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி அல்ல. இனிமேல் வரும் படங்களையாவது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சோதனை. உங்கள் ஆல்பத்தில் ஒரு படத்தை வேண்டுமென்றே அழியுங்கள். அங்கேயும் அது மறைந்ததும், ரஸ்ட்டெஸ்க் வழியாக உள்ளே போய், சிங்க்திங்கின் 'வெர்ஷன்ஸ்' பொத்தானை அழுத்தி அதை மீட்டு, திறந்து பாருங்கள். 'ரிசீவ் ஒன்லி' என்பதால் மீட்ட படம் தானாக இந்தப் பக்கம் வராது, நகலெடுத்து உங்கள் ஆல்பத்தில் மீண்டும் போட வேண்டும். பிறகு அதே இயந்திரத்தில் ஆவணங்களின் ஃபோல்டரைத் திறவுங்கள். கோப்புப் பெயர்கள் புரியாத எழுத்துக் குவியலாக இருந்தால் சரி. பாஸ்போர்ட் என்ற பெயரை உங்களால் படிக்க முடிந்தால் பூட்டு விழவில்லை. பகிர்வை நீக்கி, அங்குள்ள கோப்புகளை அழித்துவிட்டு, பாஸ்வேர்ட் கொடுத்து மறுபடி பகிருங்கள்.