சிறுகோள் பட்டையில் ஓர் ஆட்டக்களம்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் அறிபுனை விளையாட்டுக்குச் சிறுகோள் பட்டையைக் களமாக்க நினைக்கிறீர்களா? நெருக்கியடிக்கும் பாறைகளுக்கு நடுவே கப்பல் வளைந்து நெளிந்து தப்பும் காட்சியை முதலில் மறந்துவிடுங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பட்டையில் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைகள் மட்டுமே பத்து லட்சத்துக்குக் குறையாது. ஆனாலும் ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. இடைவெளி அவ்வளவு பெரிது. இந்த வெறுமைதான் நமக்கு வேண்டியது.

முதல் படி, இரண்டே ஊர்கள். நான் எப்போதும் இந்தப் பட்டையிலுள்ள சீரிஸையும் வெஸ்டாவையும் எடுத்துக்கொள்வேன். சுமார் 940 கி.மீ. விட்டமுள்ள சீரிஸில் பனியும் களிமண்ணும் உப்பும் உண்டு. அதன் ஆக்கேட்டர் பள்ளத்தில் வெள்ளை வெளேரென்று மின்னும் உப்புத் திட்டுகளை 2015இல் டான் விண்கலம் அருகிலிருந்து படமெடுத்தது. வெஸ்டாவோ ஒருகாலத்தில் உருகி இறுகிய எரிமலைப் பாறை. ஓர் ஊரில் தண்ணீர், மற்றதில் வறண்ட கல். வணிகம் தானே பிறந்துவிடும்.

இரண்டாம் படியில் அவசரப்படாதீர்கள். களத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சூரியனிலிருந்து பூமி உள்ள தொலைவை 1 என்று கொண்டால், வெஸ்டா 2.36, சீரிஸ் 2.77. அந்த எண்ணை மும்முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுற்றுக்காலம் கிடைக்கும்: வெஸ்டாவுக்கு 3.63 ஆண்டு, சீரிஸுக்கு 4.61 ஆண்டு. இவ்விரண்டையும் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்துப் பாருங்கள். சுமார் 17 வரும். அதாவது இரண்டு ஊர்களும் 17 ஆண்டுக்கு ஒருமுறைதான் நெருங்குகின்றன! நெருங்கும்போது இடைவெளி ஏறக்குறைய 6 கோடி கி.மீ.; வானொலிச் செய்தி மூன்றரை நிமிடத்தில் போய்ச் சேரும். எதிரெதிரே நிற்கும்போது 77 கோடி கி.மீ., 43 நிமிடம். சூரியனே குறுக்கே நின்றுவிடவும் கூடும்.

என் ஆட்டமொன்றில் சீரிஸில் பிறந்த முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். வெஸ்டாவிலுள்ள பாட்டியை அவள் பார்த்ததே இரண்டு முறைதான். அதை நான் எழுதிவைக்கவில்லை, கணக்கு தந்தது. காகிதத்தில் இரண்டு வட்டம் வரைந்து, இரண்டு நாணயங்களை நகர்த்திப் பாருங்கள். இப்படி எத்தனையோ கிடைக்கும்.

மூன்றாம் படி, உடம்பு உணரும் விவரம். சீரிஸின் ஈர்ப்பு பூமியுடையதில் 35இல் ஒரு பங்குதான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவிய குவளை தரை தொட இரண்டரை நொடிக்கும் மேலாகும். பேசிக்கொண்டே குனிந்து அதைப் பிடித்துவிடலாம். புதிதாக வந்தவர் பதறிப் பாய்ந்து கூரையில் தலையை இடித்துக்கொள்வார். யார் உள்ளூர், யார் வெளியூர் என்று சொல்ல இந்த ஒரு காட்சி போதும்.

ஒளிந்துகொள்ள மூன்றாவது இடம் வேண்டுமென்றால் சில்வியா. 1866இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோள் அது. அதற்கு இரண்டு குட்டி நிலவுகள் இருப்பது நம் காலத்தில்தான் தெரியவந்தது. கடத்தல்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதல் ஆட்டத்தை இரண்டு ஊர்களும் நெருங்கி விலகிய மறு ஆண்டில் தொடங்குங்கள். வெஸ்டாவுக்கான கடைசித் தண்ணீர்க் கப்பல் போய்விட்டது, உங்கள் ஆட்டக்காரர்கள் ஏறவேண்டிய கப்பல் அது.