கம்யூனிசமும் பாசிசமும்: ஒப்பிடும்போது எடைக்கல்லை மாற்றிவிடாதீர்கள்

1933 மே 1. ஜெர்மனியில் அன்று சம்பளத்தோடு விடுமுறை. தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததை, பதவிக்கு வந்து மூன்றே மாதமான ஹிட்லர் தூக்கிக் கொடுத்திருந்தார். பெர்லின் டெம்பல்ஹோஃப் திடலில் லட்சக்கணக்கில் கூட்டம். மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பே தன் உறுப்பினர்களைக் கலந்துகொள்ளச் சொல்லியிருந்தது. மறுநாள் காலை நாஜிப் படையினர் நாடு முழுக்கத் தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் புகுந்தார்கள். தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சங்கப் பணத்தைப் பறித்துக்கொண்டார்கள். சில நாளில் அந்த இடத்தில் கட்சியின் கைக்குள் அடங்கிய ‘ஜெர்மன் தொழிலாளர் முன்னணி’ வந்து உட்கார்ந்தது.

“நாஜிகளும் சோஷலிஸ்டுகள்தானே, கட்சிப் பெயரிலேயே இருக்கிறதே” என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு நாள்கள்தான் நினைவுக்கு வரும். கொள்கைகளை ஒப்பிட வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெயரில்.

பெயரை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இன்னொரு உதாரணம். 1890களின் தொடக்கத்தில் சிசிலித் தீவில் கூலிக்கும் குத்தகைக்கும் போராடிய உழவர், தொழிலாளர் சங்கங்களுக்கு ‘ஃபாஷி’ என்றுதான் பெயர். கட்டு, கூட்டு என்று பொருள். சோஷலிசச் சாயல் கொண்ட அந்த இயக்கத்தை 1894இல் ராணுவத்தை ஏவி நசுக்கினார்கள். 1919இல் மிலான் நகரில் முசோலினி தன் அமைப்புக்கு எடுத்துக்கொண்டதும் அதே சொல்தான்; ‘பாசிசம்’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அந்த ஆண்டு அவர் வெளியிட்ட திட்டத்தில் எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு ஓட்டு, பெரும் சொத்துகள் மீது வரி எல்லாம் இருந்தன. அவரும் 1914 வரை சோஷலிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். போரை ஆதரித்ததால் வெளியேற்றப்பட்டவர். ஆக, வேர் இடதுசாரி மண்ணில் இருந்தது உண்மை. ஆனால் 1920, 21இல் அவருடைய கருஞ்சட்டைக்காரர்கள் போ நதிப் பள்ளத்தாக்கில் எரித்தது சோஷலிஸ்ட் அலுவலகங்களையும் விவசாயச் சங்கங்களையும்தான். செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் நிலக்கிழார்கள். ஒரு கட்சி எங்கிருந்து கிளம்பியது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், யாருடைய கதவை உடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

சொத்து விஷயத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயின. சோவியத் ஆட்சி தொழிற்சாலை, வங்கி, நிலம் எல்லாவற்றையும் தனியாரிடமிருந்து பிடுங்கியது. முசோலினியின் முதல் நிதியமைச்சர் டெ ஸ்டெஃபானி, அரசின் ஆயுள் காப்பீட்டு ஏகபோகத்தை நீக்கி, தொலைபேசியைத் தனியாருக்குக் கொடுத்தார். ஜெர்மனியில் 1931 வங்கி நெருக்கடியின்போது அரசு கைக்கு வந்திருந்த பெரிய வங்கிகளின் பங்குகள் 1936, 37இல் திரும்பத் தனியாருக்கே போயின.

இதைக் கேட்டதும் எதிர்ப்பக்கத்துக்காரர் துள்ளி எழுவார்: “அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், பாசிசம் என்பது முதலாளிகளின் காவல் நாய்.” பாசிசம் என்பது நிதி மூலதனத்தின் மிகப் பிற்போக்கான பகுதியினரது அப்பட்டமான பயங்கரவாத சர்வாதிகாரம் என்று 1935இல் கம்யூனிஸ்ட் அகிலத்தில், அதாவது பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பில், பல்கேரியக் கம்யூனிஸ்ட் டிமித்ரோவ் வைத்த வரையறையின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான். பாதி உண்மை. 1933 பிப்ரவரி 20 அன்று ஹிட்லரின் அமைச்சர் கோரிங்கின் இல்லத்தில் தொழிலதிபர்கள் கூடித் தேர்தல் நிதி தந்தார்கள் என்பது நடந்த கதை. ஆனால் ஃபிரிட்ஸ் தீஸன் என்ற எஃகு அதிபரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே நாஜிகளுக்குப் பணம் கொடுத்தவர், அவர்கள் தயவில் நாடாளுமன்ற உறுப்பினரானவர். 1939இல் போரை எதிர்த்தார், நாட்டை விட்டு ஓடினார், சொத்து முழுவதையும் இழந்தார், கடைசியில் அவரே வதைமுகாமில் அடைபட்டார். ரூர் பகுதி எஃகு முதலாளிகள் வேண்டாம் என்று சொல்லியும் 1937இல் கோரிங் தன் பெயரிலேயே அரசு எஃகு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். முதலாளிக்கு லாபம் இருந்தது, ஆனால் சாவி அவர் கையில் இல்லை. காவல் நாய் என்று நினைத்து வாசலில் கட்டியது வீட்டுக்காரரையே கடித்தது.

அடுத்த தவறு, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது: ஒரு தட்டில் ஏட்டையும் மறு தட்டில் நாட்டையும் வைப்பது. கம்யூனிஸ்ட் ஆதரவாளர் வர்க்கமற்ற சமுதாயக் கனவை எடுத்துக்கொண்டு அதை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமோடு ஒப்பிடுவார். மறுபக்கத்துக்காரர் ‘முசோலினி ரயிலை நேரத்துக்கு ஓட்டினார்’ என்ற பழங்கதையை எடுத்துக்கொண்டு சோவியத்தின் ‘குலாக்’ (Gulag) கட்டாய உழைப்பு முகாம்களோடு ஒப்பிடுவார். ரயில்கள் அப்படியொன்றும் எல்லா இடத்திலும் நேரத்துக்கு ஓடவில்லை என்பது வேறு விஷயம். கொள்கையைக் கொள்கையோடு ஒப்பிடுங்கள், ஆட்சியை ஆட்சியோடு ஒப்பிடுங்கள்.

கொள்கை என்ற அளவில் இடைவெளி பெரியது. மனிதர்கள் சமமாக வேண்டும், கடைசியில் அரசே உதிர்ந்து போகும் என்பது மார்க்ஸிய ஏடு. மனிதர்கள் சமமல்ல, சமமாகவும் கூடாது, அரசுக்கு வெளியே எதுவும் இல்லை என்பது பாசிச ஏடு. ஒன்று எல்லா நாட்டுத் தொழிலாளரையும் அழைக்கிறது. மற்றது தன் தேசத்தை மட்டும், நாஜிகள் விஷயத்தில் தன் இனத்தை மட்டும். இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு இரண்டும் ஒன்று என்பவர் ஏட்டைப் புரட்டிப் பார்க்காதவர்.

அதே சமயம், “கம்யூனிசம் நல்லதுதான், ஸ்டாலின்தான் கெடுத்தார்” என்ற சமாதானமும் ரொம்ப தூரம் ஓடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபையை 1918 ஜனவரியில் ஒரே நாளில் கலைத்தது லெனின் ஆட்சி. கட்சிக்குள்ளேயே கோஷ்டிகளுக்குத் தடை வந்தது 1921இல், அதுவும் லெனின் காலத்தில். ‘குலாக்’ (kulak; முகாம்களின் பெயரல்ல, வேறு ரஷ்யச் சொல்) என்று முத்திரை குத்திய வசதியான விவசாயிகளை ‘வர்க்கமாகவே ஒழிப்போம்’ என்று ஸ்டாலின் 1929 டிசம்பரில் அறிவித்தபோது பயன்படுத்திய சொல், கட்சி அகராதிக்குப் புதிதல்ல. வர்க்கத்தை ஒழிப்பது என்று ஏட்டில் எழுதுவது சுலபம். ஊருக்குள் போனால் அந்த வர்க்கத்துக்குப் பிள்ளைகளும் கிழவிகளும் இருப்பார்கள்.

பிறகு பிணக்கணக்கு. யார் அதிகம் கொன்றார்கள் என்று இரண்டு பக்கமும் எண்ணிக்கைகளை வீசிக்கொள்ளும். ஹிட்லர் ஆண்டது 12 ஆண்டு, சோவியத் ஆட்சி நீடித்தது 74 ஆண்டு. மொத்தக் கூட்டலை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதிலிருந்து தெரியவருவது குறைவு. எப்படிச் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று பார்த்தால்தான் ஒப்பீடு தொடங்குகிறது. நாஜிகளின் ட்ரெப்ளிங்கா முகாமில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைக் கொன்றார்கள். அது வேலை வாங்கும் முகாம் அல்ல. ரயிலிலிருந்து இறங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஓரிரு மணி நேரத்தில் பிணம். கைக்குழந்தைக்கும் விலக்கு இல்லை, பிறப்புத்தான் குற்றம். சோவியத்தின் கொலிமா முகாம்களில் தங்கம் வெட்டிய கைதிக்கு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று தண்டனைக் காலம் எழுதப்பட்டிருந்தது. பலர் திரும்பினார்கள், பலர் பனியிலேயே புதைந்தார்கள். இது ஸ்டாலினுக்குச் சாதகமான சாட்சி ஆகாது. 1937, 38 ஆகிய இரண்டே ஆண்டில் 6,81,692 பேரைச் சுட்டதாக அவருடைய காவல்துறையின் பதிவேடே சொல்கிறது. 1933 ஜனவரியில், பட்டினியால் ஊரைவிட்டு ஓடிய உக்ரைன் விவசாயிகளைத் தடுத்துத் திருப்பி அனுப்ப உத்தரவு போனது. திருப்பி அனுப்பப்பட்ட தாய்க்கு இது எந்த வகைக் கொலை என்ற ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது. நமக்குத் தேவை, ஏனென்றால் நாம்தான் ஒப்பிடுகிறோம்.

ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஹிட்லர் ஆட்சியும் ஸ்டாலின் ஆட்சியும் செய்துகொண்ட 1939 ஆகஸ்ட் 23 ஒப்பந்தத்தைக் காட்டி, “பார், கூட்டாளிகள்” என்பது இன்னொரு குறுக்குவழி. இரண்டு ஆண்டில் ஹிட்லர் அதை மீறிப் படையெடுத்ததைக் காட்டி, “பார், பரம வைரிகள்” என்பது அதற்கு எதிர்க் குறுக்குவழி. மார்கரெட்டே பூபர்-நாய்மன் என்ற ஜெர்மன் கம்யூனிஸ்ட் பெண்ணின் வாழ்க்கையில் இரண்டுமே நடந்தன. ஹிட்லருக்குத் தப்பி மாஸ்கோவுக்குப் போனார். கணவரை 1937இல் சோவியத் ஆட்சி சுட்டுக் கொன்றது. இவரைக் கசகஸ்தானின் கரகண்டா முகாமுக்கு அனுப்பியது. 1940 பிப்ரவரியில் பிரெஸ்ட் நகரில் வைத்து நாஜிகளின் ரகசியக் காவல்துறையிடம் ஒப்படைத்தது. போர் முடியும் தறுவாய் வரை ராவன்ஸ்புரூக் முகாமில் கிடந்தார். உயிரோடு வெளியே வந்து, இரண்டு முகாம்களைப் பற்றியும் எழுதினார், சாட்சி சொன்னார். ஒப்பிடும் தகுதி யாருக்கு என்று கேட்டால் இவரைத்தான் முதலில் காட்டுவேன்.

பிடிக்காதவரையெல்லாம் ‘பாசிஸ்ட்’ என்று அழைக்கும் பழக்கத்துக்கும் வரலாறு உண்டு. 1928க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அகிலம் சமூக ஜனநாயகவாதிகளையே ‘சமூகப் பாசிஸ்டுகள்’ என்று வசைபாடியது. 1932 நவம்பர் ஜெர்மன் தேர்தலில் நாஜிகளுக்கு 33.1 சதவீதம், சமூக ஜனநாயகவாதிகளுக்கு 20.4, கம்யூனிஸ்டுகளுக்கு 16.9. பின்னவை இரண்டையும் கூட்டினால் நாஜிகளைவிட அதிகம், பெரும்பான்மைக்குக் குறைவு. சேர்ந்திருந்தால் ஹிட்லர் வந்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாஜிகளின் முதல் வதைமுகாம்களில் ஒன்றான டாஹாவில் இரு கட்சிக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் அடைபட்டார்கள் என்பதை மட்டும் சொல்லலாம். சர்வாதிகாரி எல்லாம் பாசிஸ்ட் என்பதும் இதே ரகம். போர்ச்சுகலின் சலசார் 1934இல் தன் நாட்டின் நீலச்சட்டைப் பாசிஸ்டுகளைத் தடை செய்தவர். ஆஸ்திரியாவின் டோல்ஃபுஸ் நாஜிக் கட்சியைத் தடை செய்து, நாஜிகளின் துப்பாக்கிக்கே பலியானவர். இவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இரண்டு தரப்புக்குள்ளும் எல்லோரும் ஒரே அச்சு அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் 1938இல்தான் வந்தன. அதற்கு முன் பாசிஸ்ட் கட்சியிலேயே யூதர்கள் இருந்தார்கள். கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சியை 1979இல் விரட்டியது கம்யூனிஸ்ட் வியட்நாமின் படை. மால்டோவாவில் 2001இல் கம்யூனிஸ்ட் கட்சி ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தது, 2009இல் ஆட்சியை விட்டு இறங்கியது.

போருக்குப் பின் இந்த ஒப்பீட்டுக்குச் சட்டமாகவே பதில் எழுத வேண்டிய நிலை இரண்டு நாடுகளுக்கு வந்தது. இத்தாலி 1947 டிசம்பரில் நிறைவேற்றிய அரசியல் சாசனம், கலைக்கப்பட்ட பாசிஸ்ட் கட்சி எந்த உருவிலும் மறுபடி எழுவதைத் தடை செய்கிறது. அதில் அரசியல் நிர்ணய சபையின் தலைவராகக் கையெழுத்திட்ட உம்பர்த்தோ டெர்ராச்சினி ஒரு கம்யூனிஸ்ட். கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷியோடு சேர்த்து 1928இல் பாசிச நீதிமன்றம் தண்டித்தவர். ஸ்டாலின்-ஹிட்லர் ஒப்பந்தத்தை எதிர்த்ததற்காகச் சொந்தக் கட்சியே காவலில் இருந்த காலத்தில் நீக்கி, பிறகு சேர்த்துக்கொண்டவர். மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமோ 1952இல் நாஜி வாரிசுக் கட்சி ஒன்றையும், 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியையும் தடை செய்தது. இத்தாலியில் கம்யூனிஸ்டுகள் மலைகளில் துப்பாக்கி ஏந்திப் பாசிஸ்டுகளோடு போரிட்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மனிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் கம்யூனிஸ்டுகள் ஆண்ட கிழக்கு ஜெர்மனி இருந்தது.