கிரின்2ஏ, கிரின்2பி: அறிக்கையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்எம்டிஏ ஏற்பி என்பது மூளை நரம்புச் செல்களில் குளுட்டமேட் பட்டால் திறக்கும் புரத வாயில். அதன் இரு அலகுகளுக்கான மரபணுக்கள்தான் கிரின்2ஏ, கிரின்2பி. இவற்றின் மரபணுச் சோதனை அறிக்கையோடு வேலை தொடங்குகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, பெயர்க்குழப்பம் போன்றவை தானே சரியாகிவிடும். மற்றவை அப்படியல்ல.

இரு மரபணுக்களையும் ஒன்றாகப் பார்ப்பது

கிரின்2பி கருவிலேயே ஓங்கி நிற்கும். கிரின்2ஏ பிறந்தபின்தான் ஏறும். 2பி இல்லாத சுண்டெலிக் குட்டி பால் குடிக்க முடியாமல் பிறந்த கையோடு இறந்துவிடுகிறது, 2ஏ இல்லாதது பிழைக்கிறது. மனிதரிலும் 2பி பெரும்பாலும் வளர்ச்சித் தாமதமாகவும், 2ஏ பேச்சைப் பாதிக்கும் வலிப்பாகவும் வெளிப்படுகிறது.

"நோய் விளைவிக்கும்" என்ற முத்திரையை வைத்து மருந்து தேடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த முத்திரை திசையைச் சொல்லாது. ஏற்பி மிகையாக வேலை செய்கிறதா, குறைவாகவா?

கிரின்2ஏ புரதத்தின் 812ஆவது அமினோ அமிலமான லியூசின் மெத்தியோனினாக மாறிய குழந்தைக்கு, ஏற்பியை அடைக்கும் மருந்தான மெமன்டின் கொடுத்ததும் வலிப்பு கணிசமாகக் குறைந்தது. 2014இல் வெளியான சேதி இது. அங்கே ஏற்பி மிகையாகத் திறந்தது, மெமன்டின் அதை அடைத்தது. இதைப் படித்துவிட்டு, புரதம் பாதியில் அறுந்துபோகும் திரிபுக்கும் அதே மருந்தை யோசிக்கிறார்கள். ஏற்கெனவே குறைந்த வேலையை இன்னும் குறைப்பதற்குத்தான் அது வழி. குறைவு நிரூபணமான இடத்தில் எல்-செரின் என்ற அமினோ அமிலம் முயன்று பார்க்கப்படுகிறது. அது டி-செரினாக மாறி ஏற்பிக்குத் துணை நிற்கும். மிகைத் திரிபில் அதே எல்-செரின் எதிர்த்திசை.

திசையை அளந்துதான் அறிய வேண்டும். தவளை முட்டையிலோ எச்இகே எனும் ஆய்வக மனிதச் செல்லிலோ அந்தத் திரிபு ஏற்பியை உருவாக்கி, இயல்பான ஏற்பியையும் அதே நாளில் அதே தொகுதியில் வைத்து அளவிடுங்கள். ஏற்பி திறக்கத் துணை தேவைப்படும் கிளைசின் 100 மைக்ரோமோலாரில் நிற்க, குளுட்டமேட்டை மட்டும் படிப்படியாக ஏற்றுங்கள். பிறகு அளக்க வேண்டியவை: கிளைசின் உணர்திறன், மெக்னீசியம் தடுப்பு, திறந்திருக்கும் வாய்ப்பு, மூடும் வேகம்.

கடைசியாக, செல் மேற்பரப்புக்கு எத்தனை ஏற்பி வந்து சேர்கிறது என்பது. பலர் விடுவது இதைத்தான். குளுட்டமேட்டுக்கு உணர்திறன் கூடியிருக்கும், மேற்பரப்பில் ஏற்பியோ மிகக் குறைவாக இருக்கும். உணர்திறனை மட்டும் பார்த்தவர் "மிகை" என்று எழுதிவிடுவார். எல்லா எண்ணையும் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். நோயாளியிடம் இயல்பான பிரதியும் ஒன்று இருப்பதால், இரண்டையும் கலந்தும் அளக்க வேண்டும்.

பெற்றோரைச் சோதிக்காமல் விடுவது

கிரின்2ஏ-யின் அறுந்த திரிபு நோயில்லாத பெற்றோரிடமும் இருக்கலாம்.

எதிர்ப்பொருள் மூளையழற்சியுடன் குழப்புவது

அது, உடலின் எதிர்ப்பொருள்கள் இதே ஏற்பியின் குளுஎன்1 என்ற மற்றோர் அலகைத் தாக்கும் நோயெதிர்ப்புக் கோளாறு. மரபணுத் திரிபு அல்ல.

டிரான்ஸ்கிரிப்ட் எண்ணை எழுதாமல் விடுவது

திரிபின் இடத்தை எந்த ஆர்என்ஏ பிரதியை வைத்து எண்ணினோம் என்று சொல்லும் எண் அது. எழுதுங்கள். ஒவ்வொரு முறையும்.